முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு மஞ்சள் கேப்சூல், தைலம், சுக்கு: எதை எப்போது கொடுக்கலாம்?

பொள்ளாச்சி_குமரன் (கேள்வி)

அம்மாவுக்கு 64 வயது, எடை 58 கிலோ. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. தோலில் போட்ட ஸ்டேப்ளர் பின்களை இன்னும் எடுக்கவில்லை. சர்க்கரை இல்லை. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. போடுகிறார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ளவை:

ரிவரோக்சபன் 10 மி.கி. (ரத்தம் உறையாமலிருக்க), தினம் ஒன்று, மொத்தம் 14 நாள்
டிரமடால் 37.5 + பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை, மூன்று வேளை
டிரிப்சின் 48 + புரோமெலைன் 90 + ருட்டோசைட் 100, மூன்று வேளை
பான்டோபிரசோல் 40, காலை

டிரமடால் போட்டாலே குமட்டல், கிறுகிறுப்பு. நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. அதை நிறுத்திவிட்டு இயற்கையாக ஏதாவது கொடுக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என் சந்தேகங்கள் இவை:

1. ஆன்லைனில் வாங்கிய குர்குமின் கேப்சூல் (மஞ்சள் சத்து 500 மி.கி., 95%, கூடவே மிளகுச் சத்தான பெப்பரின் 5 மி.கி.) தினம் இரண்டு கொடுக்கலாமா?
2. முழங்காலைச் சுற்றிப் பிண்ட தைலமோ, ஊட்டியில் வாங்கி வந்த விண்டர்கிரீன் தைலமோ தடவலாமா?
3. குமட்டலுக்குச் சுக்கு, மலச்சிக்கலுக்கு இசப்கோல் சரியா?

"டாக்டரைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

மருந்தாளுநர்_ராசு

கேப்சூல் இப்போது வேண்டாம். ரிவரோக்சபன் ஓடும்வரை அதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

குர்குமினை வாய்வழியாகக் கொடுத்தால் குடலும் ஈரலும் அதை உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பெப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு ஏறியது. அதை வைத்துத்தான் பல கம்பெனிகள் கேப்சூலில் பெப்பரினைச் சேர்க்கின்றன.

பெப்பரின் குர்குமினுக்கு மட்டும் வழிவிடுவதில்லை. மருந்துகளை உடைக்கும் சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதியையும், மருந்தைக் குடலுக்கே திருப்பித் தள்ளும் பி-கிளைகோபுரோட்டீனையும் அது தடுக்கிறது. ரிவரோக்சபன் உடலைவிட்டு வெளியேறுவதில் இந்த இரண்டு வாசலுக்கும் பெரிய பங்கு உண்டு. அம்லோடிபினும் 3ஏ4 வழியாகவே உடைகிறது. போதாததற்குக் குர்குமினுக்கே ரத்தத் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்யும் குணம் உண்டு. 2018இல் நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பான மெட்சேஃப் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துவந்த ஒருவர் மஞ்சள் கேப்சூல் சேர்த்துக்கொண்டதும் அவருடைய ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை அளவு) 10ஐத் தாண்டிவிட்டது. வழக்கமாக 2 முதல் 3க்குள் வைத்திருக்கும் அளவு அது. ரிவரோக்சபனுக்கு ஐ.என்.ஆர். பார்க்கும் வழக்கம் இல்லை. அதனால் அளவு ஏறினாலும் எந்த ரிப்போர்ட்டிலும் தெரியாது, காயம் கசிந்தால்தான் தெரியும்.

குர்குமினுக்கு அறுவைக்குப் பிந்தைய வலியில் ஆதாரமே இல்லை என்று சொல்லவில்லை. 1986இல் மும்பையில் குடலிறக்கம், விரைவீக்க அறுவை நோயாளிகளுக்கு 400 மி.கி. மூன்று வேளை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளியான இன்னொரு ஆய்வில் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுத்த 50 பேரிடம், 6 மணிக்கு ஒருமுறை 500 மி.கி. கொடுத்ததில் வலியும் களைப்பும் குறைந்தன. இரண்டும் சின்ன ஆய்வுகள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடும் மூட்டு மாற்று நோயாளிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

முழங்காலுக்கு மஞ்சள் நல்லது என்று எல்லோரும் சொல்வதன் மூலம் வேறு. 2014இல் தாய்லாந்தில் 367 பேரிடம் மஞ்சள் சாறு தினம் 1500 மி.கி., ஐபுபுரோஃபென் தினம் 1200 மி.கி. என்று 4 வாரம் ஒப்பிட்டார்கள். வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் அது தேய்ந்த மூட்டின் வலி. அம்மாவின் வலது காலில் அந்த மூட்டே இப்போது இல்லை. இடது முழங்காலும் தேய்ந்திருந்தால், சில மாதம் கழித்து அதற்காக யோசிக்கலாம்.

மஞ்சள் பால் கொடுங்கள், தவறில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் 3 கிராம் என்றால் 90 மி.கி. வரும். 2011 ஆய்வின் அளவை எட்ட ஒரு நாளைக்கு 22 டீஸ்பூன் வேண்டும். ஆகவே பாலில் போடும் கால் ஸ்பூன் வலி மருந்தும் ஆகாது, ரிவரோக்சபனையும் தொந்தரவு செய்யாது.

விண்டர்கிரீன் தைலத்தைப் பூட்டி வையுங்கள். அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். ஒரு டீஸ்பூன் 20க்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம், குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. தோல்வழியாகவும் ரத்தத்தில் ஏறும். ரத்தம் உறையாத மாத்திரை போடுபவர்களுக்கு ஒத்தே வராது.

இயற்கைதான் வேண்டும் என்றால் சீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. புரோமெலைன் அன்னாசித் தண்டிலிருந்து எடுப்பது, ருட்டோசைட் தாவரங்களில் உள்ள ஃபிளேவனாய்டு. (டிரிப்சின் விலங்குக் கணையத்திலிருந்து வருவது, சுத்த சைவமாக இருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது.) வீக்கம் வடிய எழுதுவது. பலர் இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டு வீணாக்குகிறார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில், உடைக்காமல், நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். மேலே உள்ள பூச்சு உடைந்தால் நொதி இரைப்பை அமிலத்தில் கெட்டுவிடும். அன்னாசிப் பழம் இதற்கு ஈடாகாது. தொடையில் கன்றிய நிறம் புதிதாகப் பரவினால் இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

மயக்கவியல்_திருச்சி

ராசு சொன்னதோடு ஒத்துப்போகிறேன். டிரமடால் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

தானாக நிறுத்திவிட்டு வெறும் மஞ்சளை நம்பினால், வலியில் அம்மா காலை மடக்கமாட்டார். முதல் சில வாரங்களில் மடக்காத முழங்கால் அப்படியே இறுகிப்போகும். பிறகு மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலைமைகூட வரும். எனவே நிறுத்தாமல் வேளையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சர்ஜனிடம் இப்படிக் கேட்கலாம்: "கூட்டு மாத்திரையைப் பயிற்சிக்கு முன் ஒன்று, இரவில் ஒன்று என்று குறைத்து, மற்ற நேரத்தில் வெறும் பாராசிட்டமால் 650 மூன்று முறை கொடுக்கலாமா?"

கணக்கைப் பாருங்கள். கூட்டு மாத்திரை இரண்டில் பாராசிட்டமால் 650 மி.கி., தனி மாத்திரை மூன்றில் 1950. மொத்தம் 2600 மி.கி. பெரியவர்களுக்கு உச்சவரம்பு 4 கிராம். இந்த வயதில் வீட்டில் இருப்பவருக்கு 3 கிராமோடு நிறுத்தவே நான் விரும்புவேன். தவறு நடப்பது எப்போதும் இந்த இடத்தில்தான்: கூட்டு மாத்திரைக்குள் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் மேலே நாலைந்து டோலோ போட்டுவிடுவார்கள். அதனால் வலி வருகிறதா என்று காத்திருக்காமல், கடிகாரத்தைப் பார்த்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விட்டுக் கொடுங்கள்.

டிரமடாலில் குமட்டல் மட்டும் வருகிறது, வலி குறையவே இல்லை என்றால் அதையும் சர்ஜனிடம் சொல்லுங்கள். அது வேலை செய்ய ஈரலில் உள்ள சி.ஒய்.பி. 2டி6 அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்வதில்லை. அவர்களுக்கு டோஸைக் கூட்டினால் கிறுகிறுப்புதான் கூடும். பாப்பிச் செடியிலிருந்து வரும் கோடீனுக்கும் இதே கதைதான். நீமுச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளில் அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின், கோடீன் எல்லாமே தாவரச் சரக்குதான் என்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. 2013இல் கேமரூனில் ஒரு மரத்தின் வேரில் டிரமடாலே இயற்கையாக இருக்கிறது என்று ஆய்வு வந்தது. அடுத்த ஆண்டே மறுப்பும் வந்தது: அங்குள்ள விவசாயிகள் மாட்டுக்கும் தங்களுக்கும் டிரமடால் கொடுத்துவந்ததால், அது சாணம், மூத்திரம் வழியாக மண்ணில் இறங்கி வேரில் ஏறியிருந்தது.

குமட்டலுக்குச் சுக்கு சரி. அறுவைக்குப் பிந்தைய குமட்டலில் 1 கிராம் இஞ்சிக்கு நல்ல ஆதாரம் உண்டு. வழக்கமாக எழுதும் ஆண்டன்செட்ரானுக்கு இரண்டு குறை: மலச்சிக்கலைக் கூட்டும், டிரமடாலின் வலி குறைக்கும் வேலையையும் கொஞ்சம் மந்தமாக்கும். சுக்குப் பொடி கால் டீஸ்பூன் ஏறக்குறைய அரை கிராம். டிரமடால் போடுவதற்கு அரை மணி முன்பு வெந்நீரில், நாளுக்கு இரண்டு முறை. இஞ்சிக்கும் தட்டணுக்கள் மீது லேசான தாக்கம் உண்டு, அதனால் 1 கிராமைத் தாண்டாதீர்கள். இஞ்சி கேப்சூல் வாங்க வேண்டாம்.

சித்த_மருத்துவம்_நெல்லை

ராசு சார் பெப்பரினைப் பற்றிச் சொன்னது முழுதும் சரி, ஆனால் படிக்கிறவர்கள் மிளகு ரசத்துக்கே பயந்துவிடக் கூடாது. மிளகில் பெப்பரின் ஏறக்குறைய 5 சதவீதம். கால் கிராம் மிளகு போட்ட ரசத்தில் 12 மி.கி. இருக்கும். கேப்சூலில் இருப்பது 5. அம்மா எத்தனையோ வருடமாக ரசம் குடித்துக்கொண்டேதான் மாத்திரை போடுகிறார். பயப்பட வேண்டியது, 950 மி.கி. குர்குமினும் பெப்பரினும் ஒன்றாகப் புதிதாக உள்ளே இறங்குவதைத்தான். ஆகவே வழக்கமான சாப்பாட்டை மாற்றாதீர்கள்.

அதே காரணத்துக்காக வீட்டில் யாராவது அமுக்கரா சூரணம் கொடுக்கச் சொன்னால் இப்போது வேண்டாம். அதில் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் சேரும். அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும் சரக்கு. டிரமடாலோடு சேர்ந்தால் இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது தள்ளாடி விழ வாய்ப்பு. புது மூட்டோடு விழுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய அபாயம். சுக்கு வாங்கும்போதும் தனிச் சுக்காக வாங்கி இடித்துக்கொள்ளுங்கள். சுக்கு மல்லி காபி பாக்கெட்டில் என்னென்ன எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று கணக்கு வைக்க முடியாது.

பிண்ட தைலம் ஆயுர்வேத மருந்து. தேன்மெழுகு, மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம் போட்டுக் காய்ச்சுவது. எரிச்சலோடு கூடிய மூட்டு வலிக்கு நல்லது, தையல் காயத்துக்கு அல்ல. எண்ணெய் பட்டால் முதலில் பிளாஸ்திரியின் ஓரம் கழன்றுகொள்ளும். பிறகு அதன் அடியில் ஈரமும் அழுக்கும் சேரும். உள்ளே உலோகம் வைத்த மூட்டில் கிருமி போய் ஒட்டினால் மருந்தால் மட்டும் போகாது, மறுபடி திறக்க வேண்டிவரும். காயத்தின் மேல் மஞ்சள் பற்றும் கூடாது. சமையல் மஞ்சளில் பாசில்லஸ் கிருமியின் வித்துகள் இருக்கும், அவை கொதிக்கவைத்தாலும் எளிதில் சாவதில்லை.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் இந்த வாரம் தப்பு. டிரமடால் குடலின் அசைவையே குறைத்துவிட்டது. அசையாத குடலில் ஊறிப் பெருக்கும் நாரைப் போட்டால் அங்கேயே பசையாக இறுகி அடைத்துக்கொள்ளும். இதற்குக் குடலைத் தூண்டும் சரக்கு வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பேரிலேயே உலகம் முழுக்கப் போகும் நிலாவாரைதான் அது. டிரமடால் போன்ற ஓபியாய்டு மருந்தால் வரும் மலச்சிக்கலுக்கு ஆங்கில மருத்துவத்திலும் இதைத்தான் எழுதுகிறார்கள்.

இலைப்பொடியாகக் கொடுத்தால் சத்து ஏறி இறங்கி இருக்கும், வயிறு முறுக்கும். சென்னோசைடு மாத்திரையாக, 15 மி.கி. அளவில், இரவு படுக்கும்போது கொடுங்கள். 8 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். சிறுநீர் மஞ்சள் கலந்த பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். நான்கு நாளாகப் போகவில்லை என்பதால் கீழே மலம் கல்லாக இருக்கும். காலையில் ஒரு கிளிசரின் சப்போசிட்டரியை (ஆசனவாயில் வைக்கும் மருந்து) வைத்து அதை இளக்கிவிட்டு அன்றிரவு சென்னோசைடு தொடங்குவது நல்லது. டிரமடால் நின்ற பிறகு இதையும் நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் பொட்டாசியம் இறங்கும். வயிறு உப்பி, வாயு பிரியாமல், வாந்தியும் இருந்தால் இது எதையும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பொள்ளாச்சி_குமரன்

எல்லோருக்கும் நன்றி. சர்ஜனிடம் போனில் பேசினேன், டிரமடால் வேளையைக் குறைக்கச் சம்மதித்தார். டிரிப்சின், புரோமெலைன் உள்ள என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுத்துக்கொண்டிருந்தோம், மாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு. வீட்டில் ஒரு வலி ஜெல் இருக்கிறது, டியூபில் "லின்சீட் ஆயில், கேப்சைசின்" என்று போட்டிருக்கிறது, மூலிகை மாதிரி தெரிகிறது. அதைத் தடவலாமா? முழங்காலின் வெளிப்பக்கம் மரத்துப்போய், நடுவில் கரண்ட் அடிப்பது போல இருக்கிறது என்கிறார். அதற்கு ஏதாவது உண்டா?

பிசியோ_செல்வி

வெளிப்பக்க மரப்பு, முழங்கால் நடுவில் கீறிய பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது இருக்கும். உட்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் சின்னத் தோல் நரம்பு அந்தக் கீறலில் அறுபடுகிறது. பல மாதங்களில் மரத்த இடம் சுருங்கிக்கொண்டே வரும். மூட்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

மாத்திரை போட்டு 45 நிமிடம் கழித்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். முடிந்ததும் ஐஸ் பொட்டலத்தைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள். மரத்த இடத்தில் சூடோ குளிரோ தெரியாது, அதனால் ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். ஒத்தடமும் வெந்நீர்ப் பையும் அறவே வேண்டாம். படுக்கும்போது தலையணையை முழங்காலுக்கு அடியில் வைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கிய வாக்கிலேயே நின்றுவிடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

கெண்டைக்காலை யாரும் எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது. அங்கே ரத்தக்கட்டி இருந்தால் நீவும்போது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, மலம் கறுத்துப் போனாலோ, காயத்திலிருந்து கசிவு நிற்காவிட்டாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.

மருந்தாளுநர்_ராசு

அந்த டியூபைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கடைகளில் விற்கும் ஜெல்களில் பெரும்பாலும் இருப்பது: டைக்லோஃபெனாக் 1.16%, லின்சீட் ஆயில் 3%, மெத்தில் சாலிசிலேட் 10%, மென்தால் 5%, கேப்சைசின் 0.025%. முகப்பில் ஆளிவிதை எண்ணெயும் மிளகாய்ச் சத்தும் பெரிதாகத் தெரியும். வேலை செய்வது டைக்லோஃபெனாக்கும், நான் பூட்டி வைக்கச் சொன்ன அதே விண்டர்கிரீன் சத்தும். ரிவரோக்சபனோடு இரண்டும் வேண்டாம்.

கரண்ட் அடிப்பது போன்ற நரம்பு வலிக்குக் கேப்சைசின் நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு இது நேரம் இல்லை. ஸ்டேப்ளர் பின்களை எடுத்து, பொருக்கு முழுதும் உதிர்ந்து, தழும்பு மூடி, ஆறு வாரமாவது போகட்டும். அதுவரை நரம்பு வலி தூங்கவிடாமல் செய்தால் அதற்கென்று தனி மாத்திரைகள் உண்டு, சர்ஜனிடம் கேளுங்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகும் வலி இருந்தால், டைக்லோஃபெனாக் கலக்காத தனிக் கேப்சைசின் கிரீம் (0.025% அல்லது 0.075%) வாங்குங்கள். ஒரு பட்டாணி அளவு, நாளுக்கு மூன்று நான்கு முறை. கேப்சைசின் முதலில் வலி நரம்பின் டி.ஆர்.பி.வி. 1 வாயிலைத் திறந்து எரிச்சலைக் கிளப்பும். திரும்பத் திரும்பப் பட்டால்தான் அந்த நரம்பு நுனி அடங்கும். அதனால் முதல் வாரம் எரியும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலன் தெரியும். எரிகிறது என்று ஒரு நாளுக்கு ஒருமுறை மட்டும் தடவினால் எரிச்சல் மிஞ்சும், பலன் வராது. பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். தோலில் ஒட்டும் 8% கேப்சைசின் ஒட்டு என்று ஒன்று உண்டு, அதை மருத்துவமனையில் வைத்துத்தான் ஒட்டுவார்கள். வீட்டுச் சமாசாரம் இல்லை.

குளிப்பதற்கு முன்னும் குளித்த உடனேயும் தடவாதீர்கள், வெந்நீர் பட்ட தோலில் எரிச்சல் பல மடங்கு ஏறும். மேலே துணி சுற்ற வேண்டாம். தடவிவிடுபவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கையில் முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கேப்சைசின் எண்ணெயில்தான் கரையும், வெறும் தண்ணீரில் போகாது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் வீட்டில் இருந்தால் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுங்கள்.